ஒன்பது வயது அபார்த் புன்டோவை வாங்கலாமா? மதுரையிலிருந்து ஒரு கேள்வி

நாகமலை வாசி | 8 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். நான் நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கிறேன். கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை. வீட்டுத் தேவைக்கென்று ஒரு வண்டி ஏற்கெனவே இருக்கிறது. இது முழுக்க என் ஆசைக்காக வாங்க நினைக்கும் இரண்டாவது வண்டி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூரில் 2016ஆம் ஆண்டு அபார்த் புன்டோ (ஃபியட் புன்டோ காரின் திறன் கூடிய வகை) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வெள்ளை நிறம், ஒரே உரிமையாளர், மீட்டரில் 31,000 கிலோமீட்டர். பெரும்பாலான நாள்களில் ஷெட்டிலேயே நின்றிருக்கிறது என்கிறார்கள். 5.25 லட்சம் கேட்கிறார்கள். 2015 அக்டோபரில் இந்த வண்டி 9.95 லட்சம் ஷோரூம் விலையில் அறிமுகமானபோது நான் கல்லூரி இறுதியாண்டில் இருந்தேன். பத்து லட்சத்துக்குள் 145 குதிரைத்திறன் கொண்ட ஒரு சிறிய வண்டி நம் நாட்டில் கிடைக்கிறது என்ற செய்தியை விடுதி அறையில் நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தது இன்றும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து இருக்கும் ஆசை இது.

ஆனால் ஃபியட் நிறுவனம் இங்கே வண்டி விற்பதை நிறுத்திப் பல ஆண்டுகளாகிவிட்டன. உதிரிபாகம் கிடைக்குமா, மதுரையில் வைத்துப் பராமரிக்க முடியுமா, இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு இந்த விலை நியாயமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


திருமங்கலத்தான் | 8 ஜூன் 2025

வணக்கம் தம்பி. 2011ஆம் ஆண்டு ஃபியட் லீனியா டி-ஜெட் கார் ஒன்றை நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பார்க்கும் வண்டியில் இருப்பதும் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ பொருத்திய, அதே குடும்பத்து 1,368 சி.சி. பெட்ரோல் என்ஜின்தான். என்னுடையதில் 114 குதிரைத்திறன், உங்களுடையதில் 145. உங்களுடையதன் முறுக்குவிசை 212 நியூட்டன் மீட்டர். டர்போ, அழுத்த அளவு, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் கட்டளைகள் ஆகியவை வேறு. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் போன்ற அன்றாடத் தேவைகளில் இரண்டுக்கும் பொதுவானவை நிறைய உண்டு. அதற்கு மேல், லோயர் ஆர்ம், கதவுப் பூட்டு, கண்ணாடி, பீடிங் எனும் கதவோர ரப்பர் பட்டை, உள் அலங்காரம் என்று உடல் சார்ந்த பலவும் சாதாரண புன்டோவினுடையவை. டீசல் புன்டோக்கள் நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. ஆகவே உதிரிபாகமே கிடைக்காது என்று பயப்படாதீர்கள். கேட்ட அன்றே கிடைக்காது என்பதற்கு மட்டும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். புனேயிலிருந்தோ டெல்லியிலிருந்தோ பார்சல் வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். சேசிஸ் எண்ணை வைத்துப் பாக எண்ணைச் சரிபார்க்காமல் எதற்கும் பணம் அனுப்பாதீர்கள்.

நீங்கள் மகிழ்ந்து எழுதியிருக்கும் அந்த 31,000 கிலோமீட்டர்தான் எனக்குக் கவலை தருகிறது. ஓடாத வண்டி தேயாத வண்டி என்று எல்லோரும் நினைக்கிறோம். இரும்புக்கு அது ஓரளவு பொருந்தும்; ரப்பருக்கு ஒருபோதும் பொருந்தாது. டைமிங் பெல்ட், ஹோஸ், புஷ், ஆயில் சீல், டயர் எல்லாம் கிலோமீட்டரைப் பார்த்து மட்டுமல்ல, காலண்டரைப் பார்த்தும் வயதாகின்றன. என் வண்டி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆனால் அதில் உள்ள எந்த ரப்பருக்கும் ஐந்து வயது ஆகவில்லை. உங்கள் வண்டியில் ஒருவேளை எல்லாவற்றுக்கும் ஒன்பது வயது ஆகியிருக்கும். இந்த என்ஜினில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு என்ஜினின் தலைப்பகுதியைக் கழற்றாமல் வேலையே நடக்காது. பெல்ட் மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். "மாற்றியாச்சு" என்ற வாய்ச்சொல்லை மாற்றாதது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.


கே.கே. நகர் போலோ | 9 ஜூன் 2025

தடை சொல்வதாக எண்ண வேண்டாம். அதே பணத்துக்கு ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கார் கிடைக்குமே? 105 குதிரைத்திறன்தான் என்றாலும், ஏழு கியர் தானியங்கிப் பெட்டி கோரிப்பாளையம் நெரிசலில் இடது காலுக்கு முழு ஓய்வு கொடுத்துவிடும். அந்த நிறுவனம் இன்றும் இங்கே இயங்குவதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், நிறைவாக இருக்கிறது.


பழங்காநத்தம் பட்டறை | 9 ஜூன் 2025

முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மேலே தம்பி சொன்ன போலோ நல்ல வண்டிதான். ஆனால் அதில் இருப்பது எண்ணெயில் முங்காத இரட்டைக் கிளட்ச் அமைப்பு. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலிலும் நம் கத்திரி வெயிலிலும் அந்தக் கிளட்ச் உராய்ந்து சூடேறிக்கொண்டே இருக்கும். அதன் கிளட்ச் தொகுதியோ, மெக்கட்ரானிக் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டியோ கைவிட்டால் செலவு லட்சத்தைத் தொடும். பத்து வயதான தானியங்கிப் பெட்டியில் வரும் கோளாறை வெளியூர் வல்லுநரிடம் கொண்டுபோக வேண்டும். ஐந்து கியர் மேனுவல் பெட்டியை என்னைப் போன்றவர்கள் இங்கேயே கழற்றி மாட்டிவிடுவோம். பழைய வண்டி என்றால் பழைய நுட்பமே நல்லது என்பது என் கருத்து.

அபார்த்தைப் பார்க்கப் போகும் தம்பிக்குச் சில சொற்கள். வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனவுடன் பானட்டைத் திறந்து என்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மறைக்க ஏதோ இருக்கிறது. குளிர்ந்த என்ஜினை இயக்கும்போது பின்னால் ஒருவரை நிறுத்தி, முதல் புகையின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்துங்கள். அப்போது நீலப் புகை வந்தால் டர்போ சீலையோ வால்வு சீலையோ சந்தேகிக்கலாம். முடிந்தால், என்ஜினை நிறுத்தி, சூடு தணிந்தபின் டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறு விசிறியின் தண்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் அசைந்தால் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அதைப் படித்தால் மீட்டர் உண்மை பேசுகிறதா என்பது பாதி விளங்கிவிடும்.


அண்ணாநகர் காப்பீடு | 10 ஜூன் 2025

வண்டி வேலை எனக்குத் தெரியாது. காகித வேலை தெரியும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் முதலில் பாருங்கள். இருந்தால், வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நிலுவையில் இருக்கும் அபராதச் சலான்களையும் அங்கேயே பார்த்துவிடலாம். பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையொப்பம் வேண்டும். மாநிலத்துக்குள்ளேயே வாங்குவதால் கோவைப் பதிவெண் அப்படியே தொடரும். அதை மாற்ற வேண்டியதில்லை.

பலர் தவறுவது காப்பீட்டில். வண்டி கைமாறிய 14 நாள்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இழப்பீடு கோராமல் இருந்ததற்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் சலுகை உரிமையாளருக்குச் சொந்தமானது, வண்டிக்குச் சொந்தமானதன்று. விற்பவரின் சலுகை உங்களுக்கு வராது என்பதால் பிரீமியத் தொகை அவர் கட்டியதைவிடக் கூடும். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். உங்களுக்கு 2031 வரை காலம் இருக்கிறது. அதன்பின் தகுதிச் சோதனைக்குக் காட்டி, புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்க வேண்டும்.


நாகமலை வாசி | 16 ஜூன் 2025

நேற்று கோயம்புத்தூர் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். பட்டறைக்கார ஐயா சொன்னபடி என்ஜின் மேல் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. புகை இல்லை. டர்போ தண்டில் முன்பின் அசைவு இல்லை. மூன்றாவது கியரில் 2,000 சுற்றுகளுக்கு மேல் அது முன்னே பாய்ந்த விதத்தை இங்கே விவரித்தால் விலை பேசும் உறுதி எனக்கே போய்விடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான்கு டயர்களிலும் 2316 என்று இருந்தது. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வண்டியோடு வந்த டயர்கள். தரையில் படும் பட்டன் தேயாமல் பாதிக்கு மேல் இருக்கிறது. ஆனால் பக்கச் சுவரில் வறண்ட கண்மாய்த் தரையைப் போல நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருந்தன. திருமங்கலத்து அண்ணன் எழுதியதன் பொருள் அந்த இடத்தில் குனிந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லை. வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் இடதுபுறம் "டொக்" என்று ஒரு சத்தம். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் இருக்க வேண்டிய தொட்டியில் நிறமே இல்லாமல் தெளிந்த தண்ணீர் இருந்தது. குளிர்ந்த என்ஜினில் "டிக் டிக்" என்று ஒரு சிறு ஒலி வந்து, சூடானதும் மறைந்தது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி உரிமையாளர் முன் வைத்தேன். அவர் நல்ல மனிதர், மறுத்துப் பேசவில்லை. 4.40 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். கடன் பதிவு இல்லை, சலான் இல்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.


பழங்காநத்தம் பட்டறை | 16 ஜூன் 2025

வாங்குங்கள். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஒன்பது வயது பெல்ட்டும் வெறும் தண்ணீரும் இருக்கும் டர்போ வண்டியை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் ஓட்டி வருவது வீண் துணிச்சல். வண்டி தூக்கும் லாரியில் ஏற்றி வாருங்கள். யானையை வாங்குகிறவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

குளிரில் வந்து சூட்டில் மறையும் அந்த ஒலி பெரும்பாலும் என்ஜினின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருந்து வருவது. சிலிண்டர் தலையோடு அதைப் பிணைக்கும் ஸ்டட் எனும் திருகுத் தண்டு ஒன்று உடைந்திருக்கலாம். சூடேறி விரிந்தால் இடைவெளி மூடிக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். டர்போ இருக்கும் இடத்தில் வெப்பம் மிகுதி என்பதால் வயதான வண்டிகளில் இது நடக்கக்கூடியதுதான்.


திருமங்கலத்தான் | 17 ஜூன் 2025

என் பங்குக்கு ஒன்று. வண்டி வந்தவுடன் நிறம், விளக்கு, ஒலிபெருக்கி என்று கை நீளும், அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும். இந்த என்ஜினில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். ஆகவே ஒன்றை மாற்றி மற்றதை விடுவது இரட்டைச் செலவு. அதனோடு கூலன்ட் வழி முழுவதும். பிறகு பிரேக்கும் டயரும். அதன்பின் சஸ்பென்ஷன். வேகம் கூட்டும் பேச்சை இந்த நான்கும் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.


நாகமலை வாசி | 21 ஜூலை 2025

வண்டி ஜூன் இறுதியில் லாரியில் வந்து இறங்கியது. பாகங்கள் வந்துசேர மூன்று வாரங்கள் ஆயின. நேற்று பெல்ட் வேலை முடிந்தது. நான்கு மணி நேரமும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

கழற்றிய பெல்ட்டை மெக்கானிக் என் கையில் கொடுத்து, பல் வெளியே வருமாறு மடக்கிப் பார்க்கச் சொன்னார். நேராகப் பிடித்தபோது புதிதுபோல் இருந்த அதே பெல்ட், மடக்கியவுடன் ஒவ்வொரு பல்லின் அடியிலும் முடி கனத்தில் ஒரு கீறலைக் காட்டியது. மூன்று பற்களின் அடியில் துணி நார் வெளியே தெரிந்தது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்கைக் காதருகே வைத்துச் சுழற்றினால், கிரீஸ் வற்றி, உலர்ந்த மணலை அரைப்பது போன்ற ஒலி. வாட்டர் பம்ப்பின் கீழே, கசிந்து உலர்ந்த கூலன்ட் வெளிறிய சிவப்பில் ஒரு கோடாகப் படிந்திருந்தது. 31,000 கிலோமீட்டர்தானே என்று இன்னும் ஓராண்டு ஓட்டியிருப்பேன். இங்கே எழுதாமல் வாங்கியிருந்தால் நிச்சயம் அப்படித்தான் செய்திருப்பேன்.

தெர்மோஸ்டாட் உறையைத் திறந்தபோது எல்லோருமே சற்று நேரம் பேசவில்லை. உள்ளே தடித்த வெள்ளைப் படிவு. நம் ஊரில் ஆழ்துளைத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் இருக்குமே, அதேதான். கூலன்ட் குறைந்தபோதெல்லாம் ஏதோ ஒரு பட்டறையில் உப்புத் தண்ணீரை ஊற்றியே வந்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டின் வால்வு பாதி திறந்த நிலையில் சிக்கியிருந்தது. ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்ததும் சுண்ணாம்புத் துணுக்குகள் கொட்டின. அதைச் சுத்தம் செய்து மறுபடி மாட்ட மனம் வரவில்லை, புதிது வாங்கிவிட்டேன். மேல், கீழ் ஹோஸ்களும் புதியவை. கனிம நீக்கம் செய்த தண்ணீரும், என்ஜினுக்குரிய சிவப்புக் கூலன்ட்டும் சம அளவில் ஊற்றி, காற்றை முழுதாக வெளியேற்றினோம்.

பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 19,500. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலன்ட் ஆகியவற்றுக்கு 17,000 ஆனது.


மேலூர் சாலை | 23 ஜூலை 2025

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நல்ல அடித்தளம் போட்டிருக்கிறீர்கள். இப்போது கணினிக் கட்டளைகளை மாற்றி எழுதிவிட்டால் 170 குதிரைத்திறனுக்கு மேல் கிடைக்கும். இந்த என்ஜின் அதைத் தாங்கும். சைலன்சரையும் மாற்றிவிட்டால் வண்டியின் குரலே வேறாகிவிடும். இதைச் செய்யாமல் டர்போ வண்டி வைத்திருப்பதில் என்ன பயன்?


பழங்காநத்தம் பட்டறை | 23 ஜூலை 2025

தம்பியின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த வண்டியில் இன்னும் ஸ்டட் உடைந்த மேனிஃபோல்டு இருக்கிறது, ஒன்பது வயது கிளட்ச் இருக்கிறது, வெடிப்பு விழுந்த டயர்கள் இருக்கின்றன. என்ஜின் தாங்குமா என்று கேட்பதற்கு முன் மற்றவை தாங்குமா என்று கேட்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் வெப்பம் கூடும். கூடும் வெப்பத்தைக் கொண்டுபோக வேண்டிய வழியில்தான் நேற்றுவரை சுண்ணாம்பு அடைத்திருந்தது.

சட்டமும் இருக்கிறது. உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்திருக்கிறது. இரைச்சலான சைலன்சர் போட்ட வண்டிகளைப் பைபாஸ் சாலையில் நிறுத்தி அபராதம் போடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது இதைத்தான்.


மேலூர் சாலை | 24 ஜூலை 2025

சைலன்சர் விஷயத்தில் ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். கணினிக் கட்டளை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் கிளட்ச்சும் டயரும் மாற்றிய பிறகே அதைப் பேச வேண்டும் என்பதில் மறுப்பில்லை.


நாகமலை வாசி | 14 செப்டம்பர் 2025

இரண்டு மாதங்களின் கணக்கு. மேனிஃபோல்டில் பட்டறைக்கார ஐயா கணித்தது அப்படியே சரியாக இருந்தது; ஓரத்து ஸ்டட் ஒன்று சிலிண்டர் தலையோடு ஒட்டியே முறிந்திருந்தது. பிடிக்க ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே இல்லை. லேத் வேலை செய்யும் ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். துளைப்பான் வழுக்கி அலுமினியத்தில் இறங்கினால் தலையையே கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், அவர் அரைமணி நேரம் அளந்து, நடுப்புள்ளி குத்தி, சிறிய அளவிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லத் துளைத்தார். நடுவில் இரண்டு முறை நிறுத்தி, எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். கடைசியில் உடைந்த துண்டு இடப்பக்கமாகச் சுழன்று வெளியே வந்தபோது அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார். எல்லா ஸ்டட்களையும் மாற்றி, கேஸ்கெட்டும் போட்டதற்கு 6,500 ரூபாய். "டிக் டிக்" நின்றது.

முன்பக்கச் சத்தத்துக்கு இரு பக்கமும் லோயர் ஆர்ம், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட் மாற்றினோம், 24,000. ஷாக் அப்சார்பர்களில் கசிவு இல்லாததால் அவற்றைத் தொடவில்லை. பிரேக் எண்ணெய் தேன் நிறத்தைத் தாண்டிக் கருத்திருந்தது. அதை முழுதாக மாற்றி, நான்கு சக்கரங்களுக்கும் பேட் போட்டு, டிஸ்க்கைச் சீவியதற்கு 11,000. 195/55 ஆர்16 அளவில் நான்கு டயர்கள் 28,000. பேட்டரி 6,000. ஸ்பார்க் பிளக், என்ஜின் ஆயில், பில்டர்கள் 7,300.

இப்போது ஒரு புதுக் கேள்வி. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2016ஆம் ஆண்டு வண்டிக்கு இது கேடா?


திருமங்கலத்தான் | 15 செப்டம்பர் 2025

பதற வேண்டாம், கவனமாக இருந்தால் போதும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இருபது விழுக்காடு கலந்தால் மொத்த ஆற்றல் ஆறேழு விழுக்காடு குறையும். மைலேஜில் அது தெரியும். அதே நேரத்தில் எத்தனாலுக்கு ஆக்டேன் மிகுதி. டர்போ என்ஜினுக்கு அது ஒருவகையில் நன்மையே. கவலைக்குரிய இடம் மறுபடியும் ரப்பர்தான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இந்தக் கலவையைத் தாங்கும் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் வண்டியும் என் வண்டியும் அதற்கு முந்தியவை.

தொட்டியிலிருந்து என்ஜின் வரை உள்ள எரிபொருள் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ, அழுத்தினால் வெடிப்பு தெரியுமாறோ இருந்தால், எத்தனாலைத் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் உட்பூச்சு கொண்ட ஹோஸாக மாற்றிவிடுங்கள். இன்ஜெக்டரின் ஓ-ரிங்குகளையும் அப்போதே மாற்றலாம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஆகவே தொட்டியில் பெட்ரோலை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஆசை வண்டி என்று போர்வை போர்த்தி வைப்பதைவிட வாரம் இருமுறை ஓட்டுவதே அதற்கு நல்லது.


நாகமலை வாசி | 7 டிசம்பர் 2025

மழை ஓயட்டும் என்று காத்திருந்து, இன்று விடியற்காலையில் சிறுமலைக்குப் போய்வந்தேன். எரிபொருள் ஹோஸ்களை அக்டோபரில் மாற்றிவிட்டேன்; ஒன்று உண்மையிலேயே பிசுபிசுத்திருந்தது. அதற்கு 3,200. பெயர் மாற்றமும் காப்பீடும் சேர்த்து 21,000. ஆக, 4.40 லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கு 1,43,500 ரூபாய் செலவாகியிருக்கிறது. வாங்கிய விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதில் அலங்காரத்துக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை. இத்தகைய வண்டியைத் தேடுகிறவர்கள் இந்தத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு வழிச்சாலையில் திண்டுக்கல் வரை சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே போனேன். இந்த வண்டியின் இன்பம் நேர்ச்சாலை வேகத்தில் இல்லை என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். மலையடிவாரத்தில் தொடங்கும் 18 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து, வெளியேறும் இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்தாற்போல் நின்று, பிறகு டர்போவின் மெல்லிய சீழ்க்கையோடு மேலே ஏறுகிறது. சாதாரண புன்டோவைவிடத் தாழ்வாக அமைந்த வண்டி என்பதால் உடல் சாய்வதே இல்லை. ஸ்டியரிங் கனமாக இருக்கிறது. சாலையின் ஒவ்வொரு சிறு கல்லையும் உள்ளங்கைக்குச் சொல்லிவிடுகிறது. கொண்டை ஊசியில் திரும்பும் வட்டம் பெரியது என்பதால் பேருந்து எதிரே வந்தால் முன்கூட்டியே ஒதுங்க வேண்டியிருக்கிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே நிறுத்தாமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு, டர்போவின் சூடு தணிந்தபின் சாவியைத் திருப்பினேன். வெப்பநிலை முள் அடிவாரத்தில் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. ஐந்து மாதமாகச் செய்த வேலைக்கெல்லாம் கிடைத்த கூலி என்று அந்த முள்ளைத்தான் சொல்வேன்.

ஏ.சி. நண்பகலில் போதவில்லை, சித்திரைக்குள் அதைப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவின் பீடிங் கிழிந்து காற்று இரைகிறது. கணினிக் கட்டளை மாற்றத்தைப் பற்றி மேலூர்த் தம்பி கேட்டிருந்தார். இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை. இருக்கும் 145-ஐயே நான் இன்னும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை.


திருமங்கலத்தான் | 7 டிசம்பர் 2025

படித்து மனம் நிறைந்தது தம்பி. பீடிங்கை அபார்த்துக்கென்று தேட வேண்டாம். சாதாரண புன்டோவினுடையதே பொருந்தும். என் ஷெட்டில் பிரிக்காத ஒன்று இருக்கிறது, ஓட்டுநர் பக்கத்துக்கானதுதான். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள், மாட்டிவிடலாம்.


பழங்காநத்தம் பட்டறை | 8 டிசம்பர் 2025

ஏ.சி.க்கு வாயு நிரப்புவதற்கு முன் கண்டென்சரைக் கழுவிப் பாருங்கள். முன்பக்கத் தாழ்வான வண்டிகளில் அதன் அடிப்பாகம் மண்ணும் பூச்சியும் அடைத்துப் போயிருக்கும். பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி, பானட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.